மறு: ஹாஸ்கெல் நிரல்மொழியின் வகைக்குறிப்பில் (type signature) வகையை எழுதாமல் விட்டுப் போடும் அடிக்கோட்டுக்குத் (_) தமிழில் என்ன பெயர்?

> ‘எச்சம்’ என்றே வைத்துவிடலாமே, ஐயா. வினையெச்சம் முடிக்கும் சொல்லுக்குக் காத்திருக்கிற மாதிரி, இதுவும் வகைக்குக் காத்திருக்கிறது.

தம்பி, இலக்கணப் பொருத்தம் அருமை. நேற்று லாஸ்பேட்டை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். கடைசி பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. வேப்பமரத்தடியில் பைக் நிறுத்துகிற பிள்ளைகளுக்கு எச்சம் என்றால் காக்கைதான்.

இதே கோட்டுக்கு முன்பு வந்த ‘எதுவாயினும்’ என்ற பெயர் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பேட்டர்னில், அதாவது வரும் மதிப்பைப் பொருத்திப் பார்க்கும் இடத்தில், அடிக்கோடு போட்டால் ‘எது வந்தாலும் சரி, எனக்குத் தேவையில்லை’ என்று பொருள். வகைக்குறிப்பில் அப்படியில்லை. ‘எனக்குத் தேவைதான், நீ கண்டுபிடி’ என்கிறோம்.

மறு :: _ -> பூல்
மறு க = நாட் க

உண்மையைப் பொய்யாகவும் பொய்யை உண்மையாகவும் திருப்புகிற ‘நாட்’ (not), உண்மை-பொய் வகையான பூலை (Bool) மட்டுமே வாங்கும். ஆகவே அந்தக் கோட்டில் எண்ணும் உட்காராது, சரமும் உட்காராது. ஹாஸ்கெலின் கம்பைலரான ஜி.எச்.சி.யில் 7.10 பதிப்பு முதல் (2015) இதை எழுதலாம். அதற்கான நீட்சியை (extension) இயக்கினால் எச்சரிக்கையோடு விட்டுவிடும். இயக்காவிட்டால் பிழை என்று நிறுத்தும். நிறுத்தும்போதே ‘இங்கே பூல்’ என்று விடையையும் சொல்லிவிடும். விடையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு மார்க் போடாத வாத்தியார்! எனக்கு இந்தக் கண்டிப்புதான் பிடிக்கும். விடையை நாமே எழுதி வைத்தால் அடுத்து வாசிப்பவர் தடவ வேண்டாம்.

வாத்தியார் என்றதும்தான் சொல்லும் கிடைத்தது: கோடிட்ட இடம். ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ எழுதாமல் பள்ளி தாண்டியவர் யார்? ‘கோட்டிடம்’ என்று சுருக்கலாமா என்று கடலூர் பஸ்ஸில் அரியாங்குப்பம் தாண்டும்வரை முணுமுணுத்துப் பார்த்தேன். ‘கோட்டம்’ மாதிரி காதில் விழுகிறது, விட்டுவிட்டேன்.

— மஞ்சக்குப்பத்திலிருந்து

> ஐயா, ஒரு சிக்கல். ‘அதுவே :: _ -> _’ என்று எழுதி, ‘அதுவே க = க’ என்று முடித்தால்? விடையே ‘எந்த வகையும்’ என்றுதானே வருகிறது?

நல்ல கொக்கி. ஆமாம், இரண்டு கோட்டிலும் ஒரே வகைமாறிதான் (எந்த வகையும் ஏற்கும் பெயர்) வந்து உட்காரும். ஆனால் அதை உட்காரவைத்தது கம்பைலர். நிரலின் உடலை ‘நாட் க’ என்று மாற்றிப் பாருங்கள், அதே கோடுகளில் பூல் வந்துவிடும். நான் எழுதிய குறிப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லையே.

டைப் ஃபேமிலி இன்ஸ்டன்ஸில், அதாவது வகையை வாங்கி வகையைத் தரும் விதியில், வரும் அடிக்கோடு வேறு கதை. அங்கே அது உண்மையிலேயே எதுவாயினும்தான். சொற்பட்டியலில் இரண்டையும் தனித்தனியாகவே போடுங்கள். ‘_அ’ என்று பெயரோடு வருவதற்கு, ஒரே பெயர் வந்த இடமெல்லாம் ஒரே விடை வேண்டும் என்பதால், ‘பெயரிட்ட கோடு’ சரிவருமா?