ரோஜா இலைகளில் விழுந்த வட்டங்கள்

எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு வரும் தேனீக்களை நான் அடையாளம் காணத் தொடங்கியது, அவற்றில் ஒன்றின் வேலையைப் புழுவின் வேலை என்று தவறாக எண்ணி மருந்து தெளித்த பிறகுதான். ரோஜாச் செடியின் இலையோரங்களில், சிறு நாணயத்தை வைத்துக் கத்தரித்ததைப் போன்ற வட்டங்கள் ஒரே வாரத்தில் 15, 20 இலைகளில் தென்பட்டன. தொடர்ந்து இரண்டு மாலைகள் பூச்சிக்கொல்லி தெளித்தேன். மூன்றாம் நாள் முற்பகலில் பழுப்பு நிறத் தேனீ ஒன்று இலையோரத்தில் வந்தமர்ந்தது. சில நொடிகளில் தாடைகளால் ஒரு துண்டை வெட்டி, அதைக் கால்களுக்கிடையே சுருட்டிப் பிடித்தபடி பறந்து, செடிக்கு ஊன்றியிருந்த மூங்கில் குச்சியின் துளைக்குள் நுழைந்தது. அன்றே மருந்துப் புட்டியை எடுத்து வைத்துவிட்டேன்.

அது இலைவெட்டித் தேனீ. அது இலையைத் தின்பதில்லை. நீள்வட்டத் துண்டுகளைச் சுவராகச் சுற்றி விரல்கவசம் போன்ற ஓர் அறையைச் செய்து, மகரந்தமும் பூவின் இனிப்புச் சாறான மதுரமும் கலந்த உணவை உள்ளே வைத்து, அதன் மேல் ஒரேயொரு முட்டையிட்டு, வட்டத் துண்டுகளால் வாயை மூடிவிட்டு, அதன் முன்னால் அடுத்த அறையைத் தொடங்குகிறது. புழு கடித்த இலையின் விளிம்பு பெரும்பாலும் ஒழுங்கற்றிருக்கும். அருகில் கரிய எச்சமும் கிடக்கும். தேனீ வெட்டிய விளிம்போ கத்தரிக்கோல் பட்டதைப் போல் வழுவழுப்பாக இருக்கும். இவ்வளவு தெளிவான வேறுபாட்டை நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும்.

அன்று முதல், நிறத்தைப் பார்ப்பதற்கு முன் மகரந்தம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். தேன்கூட்டிலிருந்து வரும் வேலைக்காரத் தேனீ, மகரந்தத்தை மதுரத்தால் ஈரமாக்கிப் பின்னங்கால்களில் உருண்டைகளாகச் சுமக்கிறது. இலைவெட்டித் தேனீயோ வயிற்றின் அடிப்புறத்து மயிர்களில் உலர்ந்த பொடியாகச் சுமப்பதால், பூவில் அமர்ந்திருக்கும்போது அதன் அடிவயிறு மஞ்சள் பூசியதைப் போல் தெரியும். ஆனால் மகரந்தம் இல்லை என்பதற்காக அது தேனீயே இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஆண் தேனீக்கள் மகரந்தம் சேகரிப்பதில்லை. நிறத்தை நம்பி நான் ஏமாந்தது மலர் ஈக்களிடம். மஞ்சளும் கறுப்புமான வரிகளைக் கண்டு தேனீ என்று குறித்து வைத்திருந்த என் படங்களில் பாதி, இரண்டே இறக்கைகளும் மிகக் குட்டையான உணர்கொம்புகளும் கொண்ட ஈக்களாக இருந்தன. தேனீக்கு நான்கு இறக்கைகள். அவை ஒன்றோடொன்று கோத்திருப்பதால் எண்ணுவது கடினம்; ஆகவே நான் உணர்கொம்புகளையே முதலில் பார்க்கிறேன்.

தக்காளிப் பாத்தியில் எனக்கு உதவியது கண்ணைவிடக் காதுதான். பறந்து வரும்போது மெல்லியதாக இருந்த ரீங்காரம், பூவைப் பற்றித் தொங்கியதும் திடீரெனக் கூர்மையாக மாறியதைக் கேட்டு நெருங்கிப் பார்த்தபோது, வயிற்றில் வெளிர்நீலப் பட்டைகள் ஓடிய ஒரு தேனீயைக் கண்டேன். தக்காளி, கத்தரி ஆகியவற்றின் மகரந்தப் பைகள் குறுகலான திறப்பின் வழியாகவே பொடியை விடுவிக்கும். நீலப்பட்டைத் தேனீ பறக்கும் தசைகளை அதிரவைத்து அதை உதிர்க்கிறது. தேன்கூட்டுத் தேனீக்களால் இது இயலாது. ஒரு மாலையில், காய்ந்த தண்டொன்றில் இதே இனத்து ஆண் தேனீக்கள் ஏழு, தாடைகளால் தண்டைக் கவ்வியபடி வரிசையாக உறங்குவதைப் பார்த்தேன். காய்ந்த தண்டுகளை அவசரமாக வெட்டி எறிய அதன் பிறகு எனக்கு மனம் வரவில்லை.

மரத்தூணைச் சுற்றிப் பெரிய கருவண்டு ஒன்று முகத்துக்கு நேரே வந்து மிரட்டுகிறது என்று பலர் அஞ்சுகிறார்கள். அது பெரும்பாலும் தன் எல்லையைக் காக்கும் ஆண் தச்சுத் தேனீதான். எந்தத் தேனீ இனத்திலும் ஆணுக்குக் கொடுக்கு இல்லை. பெண் தச்சுத் தேனீக்கு உண்டு என்றாலும், கையில் பிடித்து நசுக்கினாலொழிய அது கொட்டுவது அரிது.

உண்மையாகவே விலகி நிற்க வேண்டியது தேனடை உள்ள கூட்டிலிருந்துதான். எலுமிச்சைக் கிளையில் ஒருநாள் தேனீக் கொத்து ஒன்று அடையின்றி வெறுமனே தொங்கியது. பக்கத்து வீட்டுப் பெரியவர் தீப்பந்தத்துடன் வந்தார். "ஐயா, இவை புது இடம் தேடிப் புறப்பட்டவை, காக்க வேண்டிய குஞ்சோ அடையோ இங்கே இல்லை, நாம் தொந்தரவு செய்யாதவரை அமைதியாகவே இருக்கும்" என்று கேட்டுக்கொண்டேன். அவர் தயக்கத்துடன் காத்திருந்தார். மறுநாள் நண்பகலில் கொத்து முழுவதும் எழுந்து போய்விட்டது.

அந்த மூங்கில் குச்சியை நான் பிடுங்கவே இல்லை. சில வாரங்களுக்குப் பின் ஒரு காலையில், வாயை அடைத்திருந்த இலை மூடியில் ஒரு துளை விழுந்திருந்தது. வாயிலுக்கு அருகிலுள்ள அறைகளில் வளரும் ஆண்களே முதலில் வெளிவருவது வழக்கம். அவற்றில் ஒன்று துளையின் விளிம்பில் நின்று, முன்கால்களால் உணர்கொம்புகளை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தது.