செல்லுக்கு வெளியே இருப்பதற்குப் பெயர்: ‘சூழ்பின்னல்’ சரிப்படுமா?

குடியாத்தம், பள்ளி உயிரியல்:

வணக்கம். பாட வரைவுக்கான கலைச்சொற்களில் செல், திசு, உறுப்பு என்ற வரிசையில் நமக்குள் சண்டை இல்லை. இலங்கைத் தமிழர் கலம், இழையம் என்பார்கள். அது அவர்கள் வழக்கு. சிக்கல் எக்ஸ்ட்ராசெல்லுலார் மேட்ரிக்ஸில்தான், அதாவது திசுவில் செல்களுக்கு வெளியே அவற்றைச் சூழ்ந்திருப்பதில். கணக்கில் மேட்ரிக்ஸ் என்றால் அணி. ‘செல்புற அணி’ என்று எழுதினால் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை நிரையையும் நிரலையும் தேடும். ‘செல்லிடைப் பொருள்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

ராணிப்பேட்டை, தோல் நுட்பம்:

மேடம், ‘பொருள்’ வேண்டாம். செல்களுக்கு நடுவே ஏதோ அடைத்து வைத்தது போல ஆகிவிடும். எங்கள் தொழிலே அந்த ‘ஏதோ’வை நம்பித்தான் நடக்கிறது.

பதனிடாத பச்சைத் தோலில் மேல்தோல் முழுக்க நெருக்கமான செல்கள். அதன் அடியில் உள்ள டெர்மிஸில் செல்கள் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கொலாஜன் என்ற புரதத்தின் நார்க்கட்டுகளும், அவற்றுக்கு இடையே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் புரோட்டியோகிளைக்கான் (சர்க்கரைச் சங்கிலி ஏறிய புரதம்) கூழும். சுண்ணாம்புத் தொட்டியில் சோடியம் சல்பைடும் சேர்த்து, காரத்தன்மை பிஎச் 12-ஐத் தாண்டும் அளவில் ஊறப்போட்டால் முடி கரைந்து கழன்று, மேல்தோலும் போய்விடும். டெர்மிஸ் நிற்கும். ஏன்? முடியின் புரதமான கெராட்டின் இரட்டைக் கந்தகப் பிணைப்பால் இறுகியது, சல்பைடு அதை அறுக்கிறது. தோலில் அதிகம் உள்ள முதல் வகைக் கொலாஜனின் முறுக்கில் அந்தப் பிணைப்பே கிடையாது.

அதோடு கூழின் பெரும்பகுதியும் வெளியேறி, நார்க்கட்டுகள் பிரிந்து இடம் விட வேண்டும். சீக்கிரம் எடுத்துவிட்டால் நார்கள் ஒட்டியே கிடக்கும், ஆவாரம்பட்டைச் சாறோ குரோமியமோ உள்ளே இறங்காது, தோல் விறைக்கும். அதிக நாள் போட்டால் கொலாஜனே கரையத் தொடங்கித் தோல் தொளதொளக்கும். நாரும் கூழும் இரண்டும் தெரிகிற பெயர் வேண்டும். என் யோசனை ‘செல்புறப் பின்னல்’.

வேலூர், நோய்க்குறியியல்:

சார் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: அந்தப் பின்னலைச் செய்வது செல்தான். நார்முன்செல்லுக்குள் (ஃபைப்ரோபிளாஸ்ட், நார் செய்யும் செல்) மூன்று புரதச் சங்கிலிகள் முறுக்கிக்கொண்டு, கொலாஜனின் முன்வடிவான புரோகொலாஜன் ஆகும். சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருந்தாக வேண்டும். முறுக்கின் நடுவில் அதைவிடப் பெரிய அமினோ அமிலத்துக்கு இடமில்லை. அப்படிப்பட்ட ஒரு கிளைசின் மாறினாலே எலும்பு நொறுங்கும் பரம்பரை நோய் வரலாம். சங்கிலியில் உள்ள இன்னொரு அமினோ அமிலமான புரோலின்மேல் ஹைட்ராக்சில் ஏற்ற வைட்டமின் சி வேண்டும், இல்லாவிட்டால் ஸ்கர்வி, ஈறில் ரத்தம். வெளியே வந்த பிறகுதான் நுனிகள் வெட்டப்பட்டு, நார்களாக அடுக்கப்பட்டு, தாமிரம் உள்ள நொதி ஒன்றால் குறுக்கே பிணைக்கப்படும். செல் தன் சவ்வில் உள்ள இன்டெக்ரின் என்ற புரதத்தின் மூலம் அதைப் பிடித்துக்கொண்டு, அது எவ்வளவு விறைப்பு என்று பார்த்துத் தன் நடத்தையை மாற்றும். கல்லீரலில் விண்மீன் செல்கள் இதை அளவுமீறிச் செய்வதுதான் நார்ப்பெருக்கம். ‘இடைப்பொருள்’ என்று படித்த மாணவனுக்கு இந்த நோய் எங்கே விளங்கும்?

பின்னல் நல்ல சொல். ஆனால் ‘செல்புற’ என்ற முன்னொட்டு கூட்டுச்சொற்களில் நாக்கைத் தடுக்கும். ‘சூழ்பின்னல்’ போதாதா? சூழப்படுவது செல் என்பது இடத்தாலேயே தெரியும். போட்டுப் பாருங்கள்: சூழ்பின்னல் புரதம், சூழ்பின்னல் சிதைக்கும் நொதி (இதில் துத்தநாகம் உண்டு), செல்நீக்கிய சூழ்பின்னல். மூன்றும் வாயில் நிற்கின்றன.

குடியாத்தம்:

எனக்கு இரண்டு ஐயம். பாடநூல் ரத்தத்தையும் இணைப்புத்திசுவில் சேர்த்து, பிளாஸ்மாவை அதன் மேட்ரிக்ஸ் என்கிறது. அதில் என்ன பின்னல்? இரண்டாவது, மைட்டோகாண்டிரியாவின் மேட்ரிக்ஸ்.

வேலூர்:

இரண்டாவது செல்லுக்கு உள்ளே இருப்பது, வேறு பொருள்; அதை ‘உட்கூழ்மம்’ என்று பிரித்துவிடலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றையே சுமக்க வேண்டியதில்லை. பிளாஸ்மா பிளாஸ்மாவாகவே இருக்கட்டும். உறையும்போதுதான் ஃபைப்ரின் வலை உண்டாகிறது, அதுவும் ஃபைப்ரினோஜனாக முன்பே கரைந்து கிடந்தது. மேல்தோல் போன்ற செல் அடுக்குகளின் அடியில் உள்ள மெல்லிய அடித்தளச் சவ்வுக்கு ‘சூழ்பின்னல்’ என்ற சொல் கச்சிதம்: நான்காம் வகைக் கொலாஜன் கட்டாகச் சேராமல் உண்மையிலேயே வலையாகப் பின்னுகிறது. புற்றுச்செல் அதைத் தாண்டியதா இல்லையா என்பதை வைத்துத்தான் அறிக்கையில் ‘பரவத் தொடங்கியது’ என்று எழுதுகிறோம்.

ராணிப்பேட்டை:

‘சூழ்பின்னல்’ எனக்குச் சம்மதம். ஆனால் எலும்பை மறக்காதீர்கள். அதன் எடையில் பாதிக்கு மேல் கால்சியம் பாஸ்பேட் உப்பு. ‘தாது ஏறிய சூழ்பின்னல்’ என்று எழுதலாம். மேடம், வகுப்பில் காட்ட வழி இருக்கிறது. சதை நீக்கிய கோழிக் கால் எலும்பை வினிகரில் மூழ்கவைத்து, தினமும் வினிகரை மாற்றுங்கள். சில நாளில் உப்பு கரைந்து, எலும்பு ரப்பர் போல வளையும், வளைவது கொலாஜன். வளையாவிட்டால் நடுவில் உப்பு மிச்சம், இன்னும் ஊறட்டும். இன்னொரு எலும்பை நெருப்பில் நன்றாகச் சுட்டால் கொலாஜன் எரிந்து உருவம் மட்டும் நிற்கும், விரலால் அழுத்தினால் பொடியாகும்.

குடியாத்தம்:

சரி, எலும்பு, குருத்தெலும்பு இரண்டுக்கும் ‘சூழ்பின்னல்’ போட்டுப் பாட வரைவை மாற்றுகிறேன். குருத்தெலும்பில் ரத்தக் குழாய் இல்லை, ஊட்டம் சூழ்பின்னலின் தண்ணீர் வழியாகப் பரவித்தான் வரவேண்டும், அதனால்தான் காயம் ஆற அவ்வளவு தாமதம் என்ற வரியும் இனி இடிக்காமல் அமரும். அடுத்தது இன்டெக்ரின். அதை அப்படியே விடுவதா, ‘பற்றுப்புரதம்’ ஆக்குவதா?