டர்ன்டேபிள் வால்யூம் ஏத்தினா "ஊம்ம்ம்"னு ஊளையிடுது, என்ன பண்ணலாம்?

கோவை_எல்பி:
எல்லாருக்கும் வணக்கம். பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள் (ரெக்கார்ட் பிளேயர்), ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப், பின்னாடி ஓட்டை வச்ச புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ரெண்டு, இதான் நம்ம செட்டு. எல்லாமே ஹால்ல இருக்கற மர ஷோகேஸ் மேலதான் உக்காந்திருக்கு, நடுவுல டர்ன்டேபிள், ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர். மெதுவா கேட்டா ஒரு தொந்தரவும் இல்ல. வால்யூம் பாதிய தாண்டுச்சுன்னா, அதுவும் தவில் மாதிரி கனமா ஏதாவது வந்துட்டா "ஊம்ம்ம்"னு ஒண்ணு கிளம்பி தானா ஏறிட்டே போகுது, ஓடிப்போய் குறைச்சாதான் அடங்குது. வூஃபர் (பேஸ் வர்ற பெரிய கோன்) வேற உள்ள வெளிய ஆடுது. எர்த் ஒயர் மாட்டித்தான் இருக்கு. கடைல கேட்டா கார்ட்ரிட்ஜ (ஊசி மாட்டியிருக்கற பாகம்) மாத்துங்கறாங்க, விலைய கேட்டா தல சுத்துது. மாத்தணுமா?

சால்டரிங்_அண்ணாச்சி:
கார்ட்ரிட்ஜ தொடாதீங்க தம்பி. எர்த் கோளாறுன்னா 50 ஹெர்ட்ஸ் ஹம் ஒரே சீரா இருக்கும், தானா ஏறாது. உங்களுது சுத்தமான ஃபீட்பேக். ஸ்பீக்கர் பலகைய அதிர வைக்குது, பலகை ஊசிய அதிர வைக்குது, ஊசிக்கு என்ன தெரியும், அதையும் பாட்டோட சேத்து ஆம்புக்கு அனுப்பிடுது. மண்டபத்துல மைக்க ஸ்பீக்கர் பக்கம் திருப்பினா கீச்சுன்னு கத்துமே, அதே கததான், இங்க கட்டக்குரல்ல. இதுல போனோ ஸ்டேஜ் (ஊசி சிக்னல பெருக்கற ஆம்ப் பகுதி) வேற 20 ஹெர்ட்ஸ 1000 ஹெர்ட்ஸ விட சுமார் 19 டெசிபல் தூக்கிக் குடுக்கும், ரெக்கார்ட் வெட்டும்போது குறைச்ச பேஸ திரும்ப ஏத்தற ஆர்ஐஏஏ கணக்கே அப்படித்தான், சிடிக்கு ஊசியும் இல்ல இந்தத் தூக்கலும் இல்ல, அதனாலதான் சிடில வராத இந்த வம்பு ரெக்கார்ட்ல மட்டும் வருது.

காசு செலவழிக்கறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணுங்க. மோட்டர ஆஃப் பண்ணி, சுத்தாம நிக்கற ரெக்கார்ட் மேல ஊசிய இறக்குங்க, வால்யூம கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, ஒரு கை வால்யூம் மேலயே இருக்கட்டும் ஏன்னா கிளம்பிச்சுன்னா டக்குனு குறைக்கணும், இல்லன்னா வூஃபர் காயில் போயிடும். அப்படியே ஷோகேஸ விரலால லேசா தட்டிப் பாருங்க. ஸ்பீக்கர்ல "டொம்"னு கேட்டா பலகை வழியாத்தான் வருது. அடுத்து ஸ்பீக்கர மட்டும் கீழ இறக்கி தரைல ஒரு ஸ்டூல் மேல வச்சு திரும்ப பாருங்க. மூடி போட்டு கேக்கறவரா இருந்தா அதையும் கழட்டிடுங்க, அந்த அக்ரிலிக் மூடி காத்துல வர்ற பேஸயும் வாங்கி அதிரும்.

டொரண்டோ_வினைல்:
அண்ணாச்சி சொல்றது சரி, ஆனா தரை என்ன தரைங்கறதும் முக்கியம். கோவைல கான்க்ரீட் தளம், கவலையே இல்ல, கனமான ஸ்டாண்ட் போதும். இங்க எங்க வீட்ல மரத்தரை, பையன் ஓடினாலே ஊசி குதிக்கும், அதனால டர்ன்டேபிள சுவத்துல ஷெல்ஃப் அடிச்சு ஏத்திட்டேன், அதுக்கப்புறம் நிம்மதி. 1961ல எட்கர் வில்ச்சர்னு ஒருத்தர் ஏஆர் (அகூஸ்டிக் ரிசர்ச்) கம்பெனி டர்ன்டேபிள்ல பிளாட்டரயும் (ரெக்கார்ட் சுத்தற தட்டு) டோன் ஆர்மயும் (ஊசிக் கை) ஒரே ஃபிரேம்ல மாட்டி ஸ்பிரிங்ல தொங்க விட்டாரு, அந்த மாதிரி வண்டி ஸ்பீக்கர் அதிர்வ நல்லா தாங்கும், ஆனா மரத்தரைல காலடிக்கு ஆடிடும். ஓட்டையில்லாத பாக்ஸுக்குள்ள அடைஞ்ச காத்தையே ஸ்பிரிங்கா வச்ச அகூஸ்டிக் சஸ்பென்ஷன் ஸ்பீக்கர கொண்டுவந்ததும் அதே மனுஷன்தான், ரெண்டு பக்கமும் யோசிச்சிருக்காரு பாருங்க.

செலவில்லாம வேணும்னா ஒரு கடப்பா கல் துண்டு, அதுக்கு அடில லேசா காத்து அடிச்ச சின்ன சைக்கிள் ட்யூப். கல்லு கனமாவும் ட்யூப் மெத்துன்னும் இருக்கணும், ட்யூப்ப கெட்டியா அடிச்சா ஒரு பிரயோஜனமும் இல்ல. வச்சப்புறம் ரசமட்டம் வச்சு லெவல் பாருங்க.

கோவை_எல்பி:
ரொம்ப நன்றிங்ண்ணா. தட்டினதும் "டொம்"னு பயங்கரமா கேட்டுச்சு. ஸ்பீக்கர ஸ்டூலுக்கு மாத்தினதும் ஊளை சுத்தமா போச்சு, முக்கால் வால்யூம்லயும் வரல, பக்கத்து வீட்டுக்காரர்தான் வந்தாரு. ஆனா ஒரு சந்தேகம், வூஃபர் இன்னும் ஆடுது, ஒரு ரெக்கார்டுக்கு நிறைய, இன்னொண்ணுக்கு கொஞ்சம். சத்தம் ஒண்ணும் இல்ல. ட்யூப் வச்சா நிக்குமா?

சால்டரிங்_அண்ணாச்சி:
நிக்காது, அது வேற கேஸு. ரெக்கார்ட் வளைஞ்சிருக்கு. 33⅓ல ஒரு சுத்துக்கு ஒரு மேடுன்னா 0.55 ஹெர்ட்ஸ், காதுல விழாது, கோன மட்டும் தள்ளும். ஓட்டை வச்ச பாக்ஸ்ல போர்ட் (அந்த ஓட்டை) ட்யூன் பண்ணின ஹெர்ட்ஸுக்கு கீழ கோனுக்கு பிடிமானமே கிடையாது, அதான் இவ்ளோ ஆட்டம். ஆம்ப்ல சப்சானிக்னு (காதுல விழாத கீழ் அதிர்வ வெட்டறது) பட்டன் இருக்கான்னு பாருங்க, இருந்தா போட்டு விட்டுடுங்க, பழைய ஆம்ப் நிறையத்துல இருக்கும். இல்லன்னா போர்ட்ல கொஞ்சம் ஸ்பாஞ்ச் அடைச்சுப் பாருங்க, பேஸ் கொஞ்சம் குறையும், ஆட்டமும் குறையும். அதுக்கும் அடங்கலன்னா கார்ட்ரிட்ஜ் மாடலும் டோன் ஆர்ம் எடையும் இங்க போடுங்க, ரெண்டும் சேந்து வர்ற ரெசொனன்ஸ் (தானா அதிர்ற வேகம்) 8லேருந்து 12 ஹெர்ட்ஸுக்குள்ள இருக்கான்னு கணக்குப் போட்டு சொல்றேன். கீழ போயிருந்தா வளைஞ்ச ரெக்கார்ட் எல்லாத்துக்கும் ஆடத்தான் செய்யும்.