ஜாமீன் கிடைத்தும் அக்கா உள்ளேயே இருக்கிறாள், உதிரப்போக்கு நிற்கவில்லை

அக்காவுக்கு வயது 38. வேலை பார்த்த வீட்டில் நகை காணாமல் போன வழக்கில் நான்கு மாதமாக விசாரணைக் கைதி. ஜாமீன் கிடைத்து 41 நாள் ஆகிறது. சொத்துள்ள இரண்டு பேர் பிணை நிற்கச் சொல்லியிருக்கிறார்கள், சொந்தத்தில் ஒருவரும் முன்வரவில்லை. மாமா சிறைக்கு மனு போட்டு அவளைப் பார்க்கவே வருவதில்லை.

கைதுக்கு முன் எடுத்த ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி, ஹீமோகுளோபின் 7.8. உள்ளே இரும்புச்சத்து மாத்திரை மட்டும்தான் தருகிறார்களாம். வெளி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக இரண்டு முறை தேதி குறித்தார்கள், வழிக்காவலுக்குப் பெண் போலீஸ் இல்லை என்று இரண்டும் தள்ளிப்போனது. போன வாரம் போனபோது அக்கா உட்காரவே இல்லை. புடவைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டே பேசினாள். அப்புறம், பழைய பருத்தித் துணி கொண்டுவர முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

சட்ட உதவி எண் 15100-க்குப் பேசி, இலவச சட்ட உதவி வக்கீல் கிடைத்தார். ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாதவர்களுக்கு நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி கோர்ட்டே பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 31.1.2023-ல் சொல்லியிருக்கிறது. அதை வைத்து, வேறு யாரும் பிணை நிற்காமல் அவளுடைய சொந்தப் பிணையில் விடச் சொல்லி மனுப் போடலாம் என்கிறார் வக்கீல். பழைய ஸ்கேன் போதாது, இப்போதைய மருத்துவக் குறிப்பு வேண்டுமாம். சிறையில் நேரில் கேட்டேன், பதிவுத் தபாலும் அனுப்பினேன். பதில் இல்லை.

உள்ளே இருப்பவரின் மருத்துவப் பதிவு நகலை வாங்க யாரிடம், எப்படி மனுக் கொடுக்க வேண்டும்?