ஒலி பிடித்திருந்தும் உறுத்திய சாதனங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

மழைவானொலி எழுதியது:

ஒலியில் குறை சொல்ல முடியாத ஆம்ப் (ஸ்பீக்கருக்குச் சமிக்ஞையைப் பெருக்கித் தரும் பெட்டி) அது. ஒலிச் சிதைவு, இரைச்சல், வாட் எல்லாம் பார்த்துத்தான் அப்பாவுக்கு வாங்கினோம். முன்பக்கம் முழுக்க வழவழப்பான கண்ணாடி. குமிழ் கிடையாது, பொத்தான் கிடையாது. விரலால் தேய்த்தால் சத்தம் ஏறும், இறங்கும்.

அப்பாவுக்குக் கை லேசாக நடுங்கும். கண்ணும் முன்போல் இல்லை. ஒரு சாயங்காலம் சத்தத்தைக் குறைக்கப் போனவரின் விரல் வழுக்கி, ஒரேயடியாக உச்சத்துக்கு ஏறிவிட்டது. நான் உள்ளறையிலிருந்து ஓடி வந்தபோது இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். அந்த முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அன்றோடு அவர் அதைத் தொடுவதை விட்டுவிட்டார். பாட்டு வேண்டுமென்றால் எங்களில் யாராவது வரும்வரை காத்திருக்கிறார். வந்தாலும் வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆம்ப் பக்கம் பார்ப்பார், அவ்வளவுதான்.

முந்தைய ஆம்பில் பெரிய உலோகக் குமிழ் ஒன்று இருந்தது. விளிம்பில் ஒரு பள்ளம். இருட்டில் தடவிப் பார்த்தே சத்தம் எந்த அளவில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். புது ஆம்பைப் பற்றி வாங்குமுன் படித்த ஒரு மதிப்புரையிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது மனதில் கிடந்தால் எழுதுங்கள்.

செம்புக்கம்பி எழுதியது:

இரண்டு ஜோடி ஸ்பீக்கர்.

பழைய ஜோடி: தாழ்ந்த ஒலி தரும் பெரிய கூம்பான வூஃபரின் விளிம்பைத் தொட்டேன், ஃபோம் வளையம் பொடிப்பொடியாக விரலோடு வந்துவிட்டது. பாலியூரிதேன் ஃபோமின் விதி அது. பத்து, இருபது வருடத்தில் ஈரமும் காற்றுமே அதைத் தின்றுவிடும். ரப்பர் விளிம்பு இன்னும் அதிக காலம் தாங்கும். ஆனால் கூம்பும் காயிலும் நன்றாக இருந்தன. புது வளையம் வாங்கி, பழைய பசையைச் சுரண்டி, கூம்பை நடுவில் நிறுத்தி ஒட்டினேன். இன்றும் பாடுகிறது.

புது ஜோடி: ஆம்ப் உள்ளேயே இருக்கிற வகை. இடது பக்கம் ஊமையானது. திருகுகளைக் கழற்றினால் உள்ளே போர்டு மேல் பிசின் ஊற்றி மூடியிருக்கிறார்கள். சேவை மையத்தில் இருந்தவர் பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது ரிப்பேர் ஆகாதுங்க, மாத்தணும்" என்றார். எதைக் கொண்டு மாற்றுவது? அந்த மாடலே நின்றுவிட்டது. நல்ல நிலையில் இருக்கும் வலது ஸ்பீக்கர் துணையில்லாமல் பரணில் இருக்கிறது. எனக்கு உறுத்துவது பழுதான இடதை விட அந்த வலதுதான்.

இப்போது எதை வாங்கினாலும் முதல் கேள்வி, உதிரிபாகம் தனியாகக் கிடைக்குமா என்பதே. அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சென்ஹைசரின் ஹெட்போன்களில் எச்டி 25 வந்தது 1988இல், எச்டி 600 வந்தது 1997இல். இரண்டும் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. காது மெத்தை, கேபிள் எல்லாம் தனித்தனியாக வாங்கிக் கையாலேயே மாற்றலாம்.

அரைத்தூக்கம் எழுதியது:

எனக்கு இரவு நேரம்தான் பாட்டு. குழந்தை பக்கத்து அறையில் தூங்குவாள், அதனால் மிக மெல்லிய சத்தத்தில் வைப்பேன். தனிப் புல்லாங்குழல், மெதுவாக இறங்கி ஒற்றை ஸ்வரத்தில் நிற்கிற இடம். அங்கே ஸ்பீக்கர் "டக்" என்று அணைந்தது. பாட்டு ஓடுகிறது, ஆனால் உள்ளே வரும் சமிக்ஞை அதற்குப் போதவில்லையாம், யாரும் கேட்கவில்லை என்று முடிவு செய்து ஸ்டாண்ட்பைக்குப் போய்விட்டது. குழல் மேலே ஏறியதும் மறுபடி "டக்", பாதி வரியில் விழித்துக்கொண்டது.

மின்சாரம் மிச்சம் பிடிப்பது நல்ல நோக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் ஸ்டாண்ட்பையில் அரை வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது, பயன்பாடு இல்லாவிட்டால் தானாக அந்த நிலைக்குப் போக வேண்டும் என்று விதி இருக்கிறது. அதோடு சண்டையில்லை. பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்து, வேண்டாதவர் இதை நிறுத்திக்கொள்ள விட்டிருக்கலாம். நிறையப் பேர் வைக்கிறார்கள். இதில் இல்லை.

நீல விளக்கைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். கூரை வரை வெளிச்சம் அடிக்கிறது.

நேர்கோடு எழுதியது:

மழைவானொலி, உங்கள் அப்பாவின் நிலை படிக்கவே கஷ்டமாக இருந்தது. அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இந்த உரையாடல் போகிற போக்கைப் பார்த்தால் புதிதாக வாங்க வருகிறவர் குமிழையும் திருகாணியையும் பார்த்து ஸ்பீக்கர் வாங்கிவிடுவார் போல இருக்கிறது.

என் கதை அதற்கு நேர் எதிர். உதிரிபாகம் கிடைக்கும், நீண்ட உத்தரவாதம், அருமையான மரவேலை, கேட்டதும் பதில் சொல்கிற நிறுவனம். எல்லாம் சரி. வீட்டில் வைத்து எனக்கு மிகப் பிடித்த பாடகரைப் போட்டேன். அடுத்த அறையிலிருந்து அம்மா கேட்டார்: "இவருக்கு என்ன, சளி பிடிச்சிருக்கா?" நடு ஸ்தாயிக்குக் கீழே ஒரு வீக்கம். எல்லா ஆண் குரலும் மார்பில் அடைத்துக்கொண்டு வந்தது. தள்ளி வைத்தேன், திருப்பி வைத்தேன், போகவில்லை. அதன் பிறகு அந்தப் பாடகரை நான் போடுவதையே நிறுத்திவிட்டேன். நல்ல சேவை மையம் இதற்கு என்ன செய்யும்?

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். டேக் (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான மின் சமிக்ஞையாக மாற்றும் கருவி) வாங்கும்போது நீங்கள் எல்லாரும் சொல்வது முழுக்கச் சரி. சிடியின் 16 பிட்டுக்குள் அடங்குவது சுமார் 96 டெசிபல் வீச்சு. இன்று சாதாரண டேக்குகளே 110ஐத் தாண்டுகின்றன. அதற்கு மேல் 5 டெசிபல் கூடியதா குறைந்ததா என்பது காதுக்கு எட்டாது. அங்கே குமிழைப் பாருங்கள், ரிமோட்டைப் பாருங்கள், விளக்கின் நிறத்தைக்கூடப் பாருங்கள். ஸ்பீக்கர் அப்படியல்ல. ஒன்றுக்கொன்று இன்னும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அங்கே ஒலி முதலில், மற்றதெல்லாம் பிறகு.

தொட்டில்பாட்டு எழுதியது:

வலை மூடி. கழற்றக்கூடிய வலை மூடி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு வயதுப் பையன், ஒரு விரல், உச்ச ஒலி தரும் சின்ன ட்வீட்டரின் நடுவில் ஒரு அழுத்து. அழுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். மெல்லிய உலோக டோம், உள்ளே போனது போனதுதான். இழுத்தாலும் மடிப்பு போகவில்லை.

கடைசிப்பட்டை எழுதியது:

நேர்கோடு, "ஒலி முதலில்" என்கிறீர்கள். சரி. ஒலியே வராவிட்டால்?

வயர்லெஸ் ஸ்பீக்கர். வாங்கிய புதிதில் வீடே நிறைந்தது, நான் கேட்டதிலேயே நல்ல ஒலி. ஒரு நாள் காலையில் செயலியைத் திறந்தால் "உங்கள் சாதனம் இனி ஆதரிக்கப்படாது" என்று ஒரு வரி, கீழே "சரி" என்று ஒரு பொத்தான். வேறு பொத்தான் இல்லை. அதை அழுத்தத்தான் வேண்டும். எனக்கு அது சரியில்லை என்று சொல்ல அந்தத் திரையில் இடமே இல்லை, அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

கூம்பு கிழியவில்லை, ஆம்ப் எரியவில்லை, ஒரு கெப்பாசிட்டர்கூட வீங்கவில்லை. பின்னால் ஒரு லைன் இன் துளை (வேறு கருவியைக் கம்பியால் இணைக்கிற துளை) இருந்திருந்தால் இன்றும் பாடிக்கொண்டிருக்கும். மின் இணைப்பைத் தவிர ஒரு துளையும் அதில் இல்லை.

செம்புக்கம்பியின் போர்டையாவது யாராவது பொறுமையான மெக்கானிக் பிசினைச் சுரண்டிப் பார்க்கலாம். எனக்குப் பழுது இருக்கும் இடம் எங்கோ தூரத்தில் உள்ள சர்வர். அங்கே சால்டர் வைக்க முடியாது.

நாலுஓம் எழுதியது:

என் அனுபவம் சின்னது. இசைத்தட்டு ஓட்டும் பழைய டர்ன்டேபிள் ஒன்று பேசி முடித்தோம், விற்றவரிடம் மூலப் பெட்டி இல்லை. காரில் பின்சீட்டில் வைத்துக் கொண்டுவந்தார். ஒரு வேகத்தடையில் ஊசியைத் தாங்கும் ஆர்ம் பூட்டிலிருந்து விடுபட்டு ஆடி, ஊசி பாயில் குத்தி வளைந்தது. அதை எடுத்துக் காட்டும்போது அவர் கை நடுங்கியது, நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

இதையொட்டிச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், பரணில் இடம் இல்லாவிட்டாலும். டர்ன்டேபிளை நகர்த்துமுன் தட்டைத் தனியாக எடுங்கள், ஆர்மின் பின் எடையைக் கழற்றுங்கள், ஆர்மைக் கட்டுங்கள். சில மாடல்களில் பயணத்துக்கென்றே திருகுகள் உண்டு, அவற்றை இறுக்குங்கள். வாங்கும்போது ஊசி பொருத்தும் முனையான கார்ட்ரிட்ஜைப் பார்ப்பதற்கு முன் அதற்கு ஊசி கிடைக்கிறதா என்று பாருங்கள். ஊசி 500 முதல் 1000 மணி நேரத்தில் தேயும். ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பதையே நிறுத்திக்கொண்டது. ஆனாலும் அதன் பல மாடல்களுக்கு ஜப்பானின் ஜிகோ ஊசி செய்து தருகிறது என்பதால் அவை இன்னும் ஓடுகின்றன. ஒரு பொருள் நிற்பதும் நிற்காததும் இப்படி மூன்றாமவர் கையிலும் இருக்கிறது. டெக்னிக்ஸ் எஸ்எல் 1200 டர்ன்டேபிள் வரிசை 2010இல் நின்று 2016இல் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் பழையவற்றைக் காப்பாற்றியது உதிரிபாகமும் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும்தான்.

ஆம்ப் என்றால் சூடு. கிளாஸ் ஏ ஆம்ப் பாட்டு ஓடாவிட்டாலும் ஓடுகிற அளவுக்கு மின்சாரம் இழுக்கும், அதில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியே வரும். அதை அலமாரிக்குள் அடைக்க முடியாது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. தாங்கும் சூடு 85 டிகிரி, 105 டிகிரி என்று மேலே அச்சிட்டிருக்கும். பழைய ஆம்ப் வாங்கினால் மூடியைத் திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள், தலை உப்பிய கெப்பாசிட்டர் இருந்தால் விலையைப் பேசுங்கள். போட்டவுடன் ஸ்பீக்கரில் "தொம்" என்று இடிக்கிறதா கவனியுங்கள். குமிழை மெதுவாகத் திருப்பிக் கரகரப்பு வருகிறதா, குறைந்த சத்தத்தில் ஒரு பக்கம் மட்டும் பாடுகிறதா என்று பாருங்கள். அரைத்தூக்கம் போல மெல்லக் கேட்பவர்களுக்கு இந்தக் கடைசிச் சோதனை மிக முக்கியம், கடைகளில் யாரும் மெல்லிய சத்தத்தில் போட்டுக் காட்டுவதில்லை. எடையையும் கேளுங்கள். 25 கிலோ ஆம்பைப் பழுதுக்கு எடுத்துப்போக இரண்டு ஆள் வேண்டும்.

கேசட் டெக் என்றால் பெல்ட். வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் தார் போல உருகிப் புல்லியில் ஒட்டியிருக்கும். ஸ்பிரிட் தொட்டு நன்றாகத் துடைத்த பிறகே புது பெல்ட்.

அரைத்தூக்கம் எழுதியது:

நாலுஓம், நன்றி. ஆனால் என்னிடம் இருப்பது ஆம்ப் உள்ளே அடங்கிய ஸ்பீக்கர். திருப்ப ஒரு குமிழும் இல்லை, திறக்க ஒரு மூடியும் இல்லை.

விரிந்தநெற்றி எழுதியது:

யாரும் எடையைக் கழுத்தோடு சேர்த்துப் பேசவில்லை, ஆச்சரியம்.

பிளானர் மேக்னடிக் ஹெட்போன், தட்டையான சவ்வும் காந்தங்களும் வைத்த கனமான வகை. கடையில் போட்டுப் பார்த்தபோது விவரம், வீச்சு, எல்லாமே புதிதாக இருந்தது. வீட்டில் ஒரு முழுக் கச்சேரிப் பதிவை அமர்ந்து கேட்டேன். தனி ஆவர்த்தனம் தொடங்கியது. அதற்காகத்தான் காத்திருந்தேன். அந்த நேரத்தில் உச்சந்தலையில் பட்டை அழுத்தும் ஒற்றை இடத்தைத் தவிர வேறு எதுவும் என் கவனத்தில் இல்லை. மிருதங்கம் என் காதில் விழுந்துகொண்டிருந்தது, நான் கேட்கவில்லை. பாதியில் கழற்றினேன்.

இந்த வகையில் பல மாடல்கள் 500, 600 கிராம் வரை போகும். செம்புக்கம்பி சொன்ன எச்டி 600 சுமார் 260 கிராம்தான். கண்ணாடி போடுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: பக்கவாட்டு அழுத்தம் அதிகமென்றால் கண்ணாடிக் கம்பி பொட்டில் பதியும். பட்டைக்கு மெத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று யாரும் எழுத வேண்டாம், எல்லாம் செய்தாயிற்று.

நேர்கோடு, எனக்கு இதில் ஒலிதான் முதலில் இருந்தது.

நேர்கோடு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அணிகிற பொருளும் தரையில் நிற்கிற பொருளும் ஒன்றல்ல. ஹெட்போனுக்கு எடையும் அழுத்தமும் ஒலியோடேயே சேர்த்தி என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்பீக்கர் விஷயத்தில் நான் சொன்னது அப்படியே நிற்கிறது.

தொட்டில்பாட்டு எழுதியது:

நிற்காது. என் ட்வீட்டரின் அளவீட்டு வரைபடம் நேர்கோடாகத்தான் இருந்தது, பையன் அதன் பக்கத்தில் வரும்வரை.

செம்புக்கம்பி எழுதியது:

கடைசிப்பட்டையின் கதை என்னுடையதை விட மோசம் என்று ஒப்புக்கொள்கிறேன். இயர்பட்ஸிலும் இதே நிலைதான், அங்கே எமன் பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரி சில நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கியதும் தளரும், அது இயல்பு. ஆனால் ஒட்டி மூடிய இயர்பட்ஸில் ஒலி தரும் டிரைவர் புதிதுபோல இருக்கும்போதே பொருள் குப்பைக்குப் போகிறது. 2024இல் ஃபேர்போன் நிறுவனம் கொண்டுவந்த ஃபேர்பட்ஸில் இயர்பட்ஸ், பெட்டி இரண்டின் பேட்டரியையும் வீட்டிலேயே மாற்றலாம். ஆக, செய்ய முடியாதது ஒன்றுமில்லை. கையடக்க பேட்டரிகளைப் பயனரே கழற்றி மாற்றும்படி சாதனங்கள் இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது, சில விலக்குகளோடு. செயலிக்கும் சர்வருக்கும் இப்படி ஒரு விதி வருமா தெரியவில்லை. அதுவரை பின்பக்கத்தைத் திருப்பி ஒரு லைன் இன் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் வாங்கப் போகிறேன்.