பழைய வீட்டை விக்கப் போறோம், ரிப்பேர் பண்ணிட்டு விக்கலாமா, இருக்கிறபடியே விட்டுடலாமா? (திருச்சி)

காவேரிக்கரையான்:

வணக்கம் எல்லாருக்கும். திருச்சி கே.கே.நகர் பக்கம் எங்க அப்பா 1989ல கட்டின வீடு. இடம் 2,100 சதுர அடி, கீழ ரெண்டு பெட்ரூம் ஹால் கிச்சன், 2003ல மாடியில ஒரு ரூமும் பாத்ரூமும் எடுத்தாங்க. அப்பா இப்ப இல்ல. அம்மா என்கூட கோயம்புத்தூர்ல, தங்கச்சி மஸ்கட்ல, வீடு பூட்டியே கிடக்கு, பக்கத்து வீட்டு அக்கா தான் அப்பப்ப தொறந்து பெருக்கி விடுறாங்க. மூணு பேரும் பேசி வித்துடலாம்னு முடிவு பண்ணிட்டோம்.

ஹால் சீலிங்ல ஒரு எடத்துல பூச்சு பேந்து விழுந்து கம்பி தெரியுது, பின்பக்க பெட்ரூம் சுவர்ல ஓதம் ஏறி பெயிண்ட் உரியுது, மாடிப்படி பக்கத்து சுவர்லயும் ஈரம். ஒரு கான்ட்ராக்டர் வந்து பாத்துட்டு, இதெல்லாம் சரி பண்ணி, கிச்சனை மாடுலரா மாத்தி, ஹால்ல ஃபால்ஸ் சீலிங் போட்டு, உள்ள வெளிய பெயிண்ட் அடிக்க ஏழு லட்சம் ஆகும், ஆனா வீடு பதினஞ்சு லட்சம் கூடப் போகும்னு சொல்றார். புரோக்கரோ "ஒண்ணும் பண்ணாதீங்க சார், வாங்குறவன் இடிச்சுட்டு தான் கட்டப் போறான், மனை விலை தான் கிடைக்கும்"ங்கிறார். யார் பேச்சைக் கேக்குறதுன்னு தெரியல. அம்மாவுக்கு வீட்டை இந்தக் கோலத்துல காட்டவே மனசு இல்ல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

மதுரை மல்லி:

ரெண்டு பேருமே அவங்கவங்க வருமானத்துக்குத் தக்கன பேசுறாங்க தம்பி :) கான்ட்ராக்டருக்கு வேலை வேணும், புரோக்கருக்கு சீக்கிரம் முடியணும்.

வாங்க வர்றவங்க யாருன்னு முதல்ல யோசிங்க. நல்ல ரோட்டு மேல இருக்கு, அகலமான முகப்புன்னா பில்டரோ இடிச்சுக் கட்டுற ஆளோ தான் வருவாங்க, அவங்க உங்க கிச்சனைத் திரும்பிக் கூட பாக்க மாட்டாங்க, டேப் எடுத்து முகப்பை அளந்துட்டுப் போயிடுவாங்க. உள் தெருவா இருந்து, குடியிருக்கத் தேடுற குடும்பம் வரும்னா கொஞ்சம் செலவு பண்ணலாம், அதுவும் ஒழுகல், கரண்ட், பாத்ரூம் இந்த மூணுக்கு மட்டும். மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங் எல்லாம் சுத்த வேஸ்ட், வாங்குறவங்க அவங்க ருசிக்கு மாத்தத்தான் போறாங்க. ஃபால்ஸ் சீலிங் இன்னும் மோசம், கம்பி தெரியுற எடத்தை மூடி மறைச்ச மாதிரி தான் ஆகும்.

சைட்டுல ஒரு சிவில்:

சகோ, நான் திருச்சி, தஞ்சாவூர் பக்கம் பழைய கட்டட ரிப்பேர் வேலை தான் பாக்குறேன். என் பொழைப்பே ரிப்பேர் தான், இருந்தாலும் சொல்றேன், இப்பவே கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் குடுக்காதீங்க. முதல்ல வேலை எடுக்காத, வெறும் பாத்து எழுதிக் குடுக்குற ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து முழு வீட்டையும் காட்டுங்க. பாக்குறவரே வேலையும் எடுத்தா எல்லாமே உடைக்கணும்னு தான் வரும். ஃபீஸ் சில ஆயிரத்துல முடிஞ்சிடும், ஏழு லட்சத்துக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல.

அவர் வந்தா என்ன பண்ணுவார்னா, ஒரு சின்ன சுத்தியலை வெச்சு சீலிங் பூரா தட்டிக்கிட்டே போவார், நல்லா இருக்கிற எடம் "டங்"குனு கேக்கும், உள்ள விட்டுப்போன எடம் "பொத்"துனு கேக்கும், அந்த எடத்தை சாக்பீஸால வட்டம் போட்டு வெச்சுடுவார். நீங்க கண்ணால ஒரு எடம் பாத்திருப்பீங்க, தட்டிப் பாத்தா நாலு வட்டம் விழும், இல்ல அந்த ஒண்ணோட போயிடவும் செய்யும். சந்தேகம் இருந்தா ரீபவுண்ட் ஹாமர்னு ஒண்ணு வெச்சு கான்கிரீட் எவ்வளவு தாங்கும்னு தோராயமா பாக்கலாம். கம்பி துருப்பிடிச்சா பருத்துப் போகும், அது தான் பூச்சைத் தள்ளி விடுது, அதனால மேல சும்மா சிமெண்ட் அப்பி பெயிண்ட் அடிச்சா அடுத்த மழைக்கு மறுபடியும் விழும். கம்பிக்குப் பின்னாடி வரைக்கும் கொத்தி எடுத்து, வயர் பிரஷ் போட்டுத் தேய்ச்சு, துரு எதிர்ப்பு கோட்டிங் அடிச்சு, பாலிமர் கலந்த கலவை வெச்சு மூடணும், கம்பி ரொம்ப இளைச்சிருந்தா கூடவே புதுக்கம்பியும் சேக்கணும். கொத்தனாரை மட்டும் நம்பி விடுற வேலை இல்ல.

ஓதம் விஷயத்துல, எங்கேருந்து தண்ணி வருதுன்னு தெரியாம யாரையும் கை வைக்க விடாதீங்க. தரையிலேருந்து ரெண்டு மூணு அடி உயரம் வரை ஒரே மட்டமா ஏறி, மேல கோடு மாதிரி உப்பு பூத்திருந்தா அது அஸ்திவாரத்துலேருந்து ஏறுற ஓதம். மேலேருந்து இறங்குற மாதிரி இருந்தா மொட்டைமாடி, இல்ல பாத்ரூம் ஜாயிண்ட். படிக்கட்டுப் பக்கம்னு சொல்றீங்களே, டேங்கிலேருந்து இறங்குற பைப் அந்தப் பக்கமா வருதான்னு பாருங்க. ராத்திரி டேங்க்கை ரொப்பி, அதுலேருந்து இறங்குற லைனோட வால்வைத் திறந்தே விட்டு, கீழ எல்லா டேப்பையும் மூடிட்டு, மட்டத்தை ஒரு கோடு போட்டுக் குறிச்சு வைங்க. காலைல இறங்கியிருந்தா எங்கேயோ கசியுது. மறுநாள் வால்வை மூடிட்டு அதே மாதிரி பாருங்க, மட்டம் நின்னா சுவருக்குள்ள இருக்கிற பைப் தான், அப்பவும் இறங்கினா டேங்க்கும் வால்வும் தான்.

மொட்டைமாடி: அந்தக் காலத்துல செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு மேல தட்டோடு ஒட்டியிருப்பாங்க. தட்டோட்டு இடுக்குல கலவை போயிருந்தா இடுக்கை மட்டும் பூசினா போதும், மொத்தமா ஒடச்சு எடுக்கணும்னு யாராவது சொன்னா இன்னொரு ஆள்கிட்டயும் கேளுங்க. மழைத்தண்ணி போற வாயை அடைச்சு ரெண்டு நாள் தண்ணி தேக்கி கீழ கசியுதான்னு பாக்கலாம். ஆனா சீலிங்ல கம்பி தெரியுற எடத்துக்கு மேல அதைப் பண்ணாதீங்க, இன்ஜினியரைக் கேட்டுட்டுப் பண்ணுங்க. மாடி வேலை எல்லாம் ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிஞ்சாகணும், ஈரத்து மேல வாட்டர்ப்ரூஃப் அடிச்சா ஒட்டாது.

1989 வயரிங்னா மெயின் போர்டுல இன்னும் ஃபியூஸ் கட்டையா இருக்கலாம், எர்த் செத்துப் போயிருக்கலாம். எம்சிபியோட (லோடு அதிகமானா தானா விழுற சுவிட்ச்) ஆர்சிசிபியும் (கரண்ட் கசிஞ்சா தானா விழுற சுவிட்ச்) வெச்சு எர்த்தையும் சரி பண்ணிடுங்க, அது சின்ன செலவு. நிலை, ஜன்னல் சட்டமெல்லாம் ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க, உள்ள போச்சுன்னா கரையான். பூட்டிக் கிடந்த வீடு வேற.

போன வருஷம் வாங்கினவன்:

வாங்குற பக்கத்துலேருந்து ஒண்ணு சொல்றேன். நான் நிறைய பழைய வீடு ஏறி இறங்கினேன். வீடு பூரா பழைய பெயிண்டா இருந்து ஒரே ஒரு சுவர் மட்டும் புதுசா வாசனை அடிச்சா, அங்க தான் கோளாறுன்னு எனக்குத் தெரிஞ்சுடும். ஒரு வீட்டுல பீரோவை நகத்தச் சொன்னேன், "அது ரொம்ப வெயிட்டு சார்"னாங்க, அப்படியே கும்பிட்டுட்டு வந்துட்டேன். கடைசில நான் வாங்கின வீட்டுல, ஓனர் அய்யா அவரே இன்ஜினியர் ரிப்போர்ட்டை எடுத்து டேபிள் மேல வெச்சார், இந்த இந்தக் குறை இருக்கு, இதை சரி பண்ணிட்டேன், இதைப் பண்ணல, பில் இதோன்னு. அதுக்கப்புறம் நான் ஒழுகலைக் காட்டி விலை குறைக்க வழியே இல்லாமப் போச்சு, மனுஷன் கெட்டிக்காரர்!

ஸ்டாம்ப் பேப்பர்:

எல்லாரும் சிமெண்டைப் பத்தியே பேசுறீங்க. நான் பத்திர ஆபீஸ் பக்கம் இருக்கிறவன், என் கண்ணு முன்னாடி நின்னு போன கிரயத்துல முக்கால்வாசி ஒழுகலால நிக்கல, பேப்பரால தான் நின்னுச்சு. ஆள் அட்வான்ஸ் போட்டு, பேங்க் லோன் அப்ளை பண்ணி, பேங்க் வக்கீல் கேட்ட ஒரு பேப்பர் இல்லாம மாசக்கணக்கா இழுத்து, கடைசில அட்வான்ஸை திருப்பிக் குடுன்னு சண்டை. அதனால பேங்க் வக்கீல் பாக்குறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு வக்கீல்கிட்ட லீகல் ஒப்பீனியன் வாங்கிடுங்க.

வில்லங்கம் முப்பது வருஷம்னு நிறுத்தாம வீடு கட்டினதுக்கு முன்னாடி வரைக்கும் போட்டுப் பாருங்க. 1975லேருந்து பெரும்பாலான ஆபீஸுக்கு ஆன்லைன்லயே கிடைக்கும். அந்தக் காலத்துல நிறையப் பேர் கூட்டுறவு வீட்டுவசதி சங்கத்துல கடன் வாங்கித் தான் கட்டினாங்க, கடனைக் கட்டி முடிச்சிருப்பாங்க, ஆனா அடமானம் தீந்த ரசீதைப் பதிவு பண்ணியிருக்க மாட்டாங்க, அது வில்லங்கத்துல அப்படியே தொங்கும்.

அப்பா உயில் எழுதலைன்னா அம்மா, நீங்க, தங்கச்சி மூணு பேருக்கும் சம பங்கு, தாத்தா பாட்டியில அப்பாவைப் பெத்த பாட்டி உயிரோட இருந்தா அவங்களுக்கும் உண்டு. தாசில்தார் ஆபீஸ்ல வாரிசு சான்றிதழ், பட்டா உங்க பேருக்கு, வீட்டு வரி, தண்ணி வரி, கரண்ட் கனெக்ஷன் எல்லாம் பேர் மாத்தி வைங்க. தங்கச்சி நேர்ல வர முடியலைன்னா மஸ்கட் இந்தியத் தூதரகத்துல பவர் எழுதி அட்டெஸ்ட் பண்ணி அனுப்பணும், அது இங்க வந்து 3 மாசத்துக்குள்ள மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல முத்திரைக் கட்டணம் கட்டியாகணும், நாள் தாண்டினா தலைவலி.

மாடி ரூமுக்கு 2003ல பிளான் அப்ரூவல் வாங்கினாங்களா? இல்லைன்னா பேங்க் வேல்யூவர் அதைக் கணக்குல எடுக்காம விடலாம், வாங்குறவருக்கு லோன் குறையும். முதல்லயே சொல்லி விலை பேசுங்க. சர்வேயரை வெச்சு இடத்தை ஒருதடவை அளந்துடுங்க, பத்திரத்துல 2,100, பட்டாவுல ஒரு அளவு, தரையில ஒரு அளவுன்னு இருக்கிறது இங்க சர்வசாதாரணம்.

இன்னொண்ணு, உங்களுக்குத் தெரிஞ்ச, ஆனா வாங்குறவர் சாதாரணமா பாத்தா கண்டுபிடிக்க முடியாத குறையை நீங்க சொல்லியே ஆகணும், சொத்து மாற்றுச் சட்டம் 1882ல 55ஆவது பிரிவு அதைத் தான் சொல்லுது. ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடுறதெல்லாம் பின்னாடி நோட்டீஸ் வர்ற வேலை.

டாக்ஸும் கொஞ்சம் யோசிங்க. விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோ போனா வாங்குறவர் 1% டிடிஎஸ் பிடிப்பார், ஆனா தங்கச்சி என்ஆர்ஐ, அவங்க பங்குக்கு பிடிக்கிறது ரொம்ப அதிகமா வரும், குறைவா பிடிக்கச் சொல்லி இன்கம்டாக்ஸ்ல சர்டிபிகேட் முன்கூட்டியே அப்ளை பண்ணணும். இப்ப நீங்க அடிக்கிற பெயிண்ட், பூச்சு வேலை லாபத்துல கழியாது, 2003 மாடி ரூம் கட்டின செலவு கழியும், பில் இருந்தா தேடி வைங்க. 2001 ஏப்ரல் 1 மதிப்பை அடக்கவிலையா எடுத்துக்கலாம், அது அன்னைக்கு இருந்த கைட்லைன் கணக்கைத் தாண்டக் கூடாது. அதுக்கு ரிஜிஸ்டர்ட் வேல்யூவர் வீட்டைப் பாக்கணும், வாங்கினவர் இடிச்ச பிறகு எதைப் பாப்பார்? மிச்சத்தை ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுக்குங்க.

மதுரை மல்லி:

ஸ்டாம்ப் பேப்பர் அண்ணே சொல்றதைக் கேளுங்க தம்பி, நான் விட்டுட்டேன். இன்னொண்ணு, ஆடி, மார்கழில ஆள் வந்து பாத்தாலும் அட்வான்ஸ் குடுக்க மாட்டாங்க, தைல தான் சூடு பிடிக்கும். அதுக்குள்ள பேப்பரும் ரிப்பேரும் முடிச்சிடலாம். ஈசானி மூலையில செப்டிக் டேங்க் இருக்கு, வாசலை மாத்துங்கன்னு எவனாவது வந்து கிளப்புவான், அதுக்கு மட்டும் பத்து பைசா செலவு பண்ணாதீங்க.

காவேரிக்கரையான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஊருக்குப் போயிட்டு வந்தேன், இன்ஜினியர் ஒருத்தர் வந்து பாத்தார். ஹால்ல ரெண்டு எடம், போர்ட்டிகோல ஒரு எடம் தான் கொத்திப் பூசணும், மத்த கான்கிரீட் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டார். சிவில் சகோ சொன்னது அப்படியே பலிச்சுது, படிக்கட்டுச் சுவர் ஈரம் டேங்க் பைப்பால தான், எல்போ கிட்ட கசிவு, பிளம்பர் அரை நாள்ல மாத்திட்டார். பெட்ரூம் ஓதம் மட்டும் கீழேருந்து ஏறுது, அதை முழுசா நிறுத்த செலவு ஜாஸ்தியாம், அதனால பட்டி பெயிண்ட் எதுவும் அடிக்காம அப்படியே விட்டு சொல்லி விக்கலாம்னு இருக்கோம். அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம், கேட் பெயிண்ட், தோட்டம் சுத்தம், வெளிய வெள்ளை அடிக்கிறது, இதோட சமாதானம் பண்ணியிருக்கேன். கான்ட்ராக்டர் போன் எடுக்கிறதே இல்ல.

ஆனா ஸ்டாம்ப் பேப்பர் அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே வில்லங்கத்துல 1988ல சங்கத்துக்கு எழுதிக் குடுத்த அடமானம் நிக்குது. கடன் கட்டி முடிச்ச பாஸ்புக் அப்பா பெட்டியில இருக்கு, ஒரிஜினல் பத்திரமும் இருக்கு. சங்கம் இருந்த கட்டடத்துல இப்ப வேற கடை இருக்கு. என்ன பண்றது?

ஸ்டாம்ப் பேப்பர்:

ஒரிஜினல் கையில இருக்கிறதே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. சங்கம் வேற எடத்துக்கு மாறியிருக்கலாம், கலைச்சும் இருக்கலாம். கூட்டுறவு சங்கங்களின் துணைப்பதிவாளர் (வீட்டுவசதி) ஆபீஸ்ல போய் கேளுங்க, சங்கம் இப்ப யார் பொறுப்புல இருக்குன்னு சொல்லுவாங்க. கலைச்சிருந்தா கணக்கு முடிக்கிற அதிகாரின்னு ஒருத்தர் இருப்பார். பாஸ்புக் ஜெராக்ஸ், வில்லங்கம், வாரிசு சான்றிதழ் மூணையும் வெச்சு, கடன் நிலுவை இல்லைன்னு கடிதமும், அடமானம் தீந்த ரசீதை சப்ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல வந்து பதிவு பண்ணிக் குடுக்கவும் கேட்டு ஒரே மனுவா எழுதுங்க. கடிதம் மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க, பதிவு ஆனா தான் வில்லங்கத்துல ஏறும். மனு குடுத்ததுக்கு சீல் போட்ட நகல் வாங்கிக்குங்க. ரசீது ஏறினதும் புதுசா ஒரு வில்லங்கம் போட்டுப் பாத்துட்டு, அதுக்கப்புறம் புரோக்கர்கிட்ட சாவியைக் குடுங்க.