ஞாயிறு சித்திரக்கதைப் பக்கம்: முழுத்தாளாக வைக்கிறதா, வெட்டி ஒட்டுறதா?

வெள்ளவத்தை வாசகன்:
மருதானையில் ஒரு பழைய பேப்பர் கடையில் 1960களின் தினகரன் வாரமஞ்சரி, வீரகேசரி வாரவெளியீடு கட்டுக்கட்டாகக் கிடக்குது, கிலோ விலைக்கு. அதோடு ரொறன்ரோவிலிருந்து மாமா கொண்டுவந்து தந்த ஸ்டார் வீக்லி என்ற கனடா வாரத்தாளின் வர்ணச் சித்திரக்கதைப் பகுதிகளும் என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கு. ஃபிளாட்டில் இதையெல்லாம் முழுத்தாளாக வைக்க இடமில்லை. சித்திரக்கதையை மட்டும் வெட்டி, தொடர் தொடராக, திகதி வரிசையில் அல்பத்தில் ஒட்டலாம் என்று நினைக்கிறேன். சேர்க்கிற ஆக்கள் சொல்லுங்கோ.

தாள்காப்பான்:
தம்பி, கத்தரிக்கோலைக் கையில் எடுக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ.

வெட்டினால் முதலில் போவது தலைப்பு வரி: எந்தப் பேப்பர், எந்தத் திகதி, எத்தனையாம் பக்கம். பிறகு அந்தத் துண்டை யாரும் எதோடும் பொருத்திப் பார்க்க ஏலாது. சிரித்திரன் என்ற நகைச்சுவை இதழை நடத்திய சுந்தர் தினகரனில் போட்ட சவாரித்தம்பர் கேலிச்சித்திரத் தொடரை எடுங்கோ. அந்தக் காலத்து ஊர்ப் பேச்சும் சீதன விலையும் பெரிய மனுசத்தனமும்தான் அதில் சிரிப்பு. அதே தாளில் வந்த கல்யாண விளம்பரம், படக் கொட்டகை விளம்பரம், சாமான் விலை எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்த்தால்தான் சுந்தர் யாரைக் குத்தினார் என்று இன்றைக்குப் பிறந்த பிள்ளைக்கும் விளங்கும். வெட்டும்போது மறுபக்கமும் துண்டாகுது, அதை மறந்துபோகாதீங்கோ.

ஸ்டார் வீக்லிக்கு இன்னொரு காரணம் இருக்கு. அதில் வந்தது பெரும்பாலும் அமெரிக்கத் தொடர்கள்தான். 1930களில் அமெரிக்க ஞாயிறுத் தாள்களில் ஒரு தொடருக்கு முழுப்பக்கம் கிடைத்தது. இரண்டாம் உலகப்போரில் தாள் தட்டுப்பாடு வர, அரைப்பக்கம், மூன்றிலொரு பக்கம் என்று சுருங்கிப்போச்சுது. பேப்பர்காரர் இடத்துக்கேற்ப எடுத்துவிடலாம் என்பதற்காகவே பல தொடர்களில் மேல் வரிசைக் கட்டங்களைக் கதைக்குத் தேவைப்படாதபடி வரைந்தார்கள். அதனால் ஒரே ஞாயிறு, ஒரே தொடர், ஒரு பேப்பரில் முழுசாக இருக்கும், இன்னொன்றில் இரண்டு கட்டம் குறையும். தாள் கையில் இருந்தால் உங்களிடம் இருப்பது எது என்று தெரியும். துண்டு மட்டும் இருந்தால் கட்டம் குறைந்தது பேப்பர்காரராலா, உங்கட கத்தரிக்கோலாலா என்று பிறகு ஒருத்தராலும் சொல்ல ஏலாது.

மருதானை நானா:
தாள்காப்பான் சொல்றது படிச்சவங்க பேச்சு. நான் கடைப்பக்கம் நின்று சொல்றேன். எங்கட வாப்பா காலத்திலிருந்து பழைய பேப்பர் யாவாரம். ஒரு வீடு விற்பட்டால், ஒரு பெரியவர் மௌத்தானால், லொறியில் கட்டு வந்து இறங்கும். அதில் என்ன இருக்கென்று பார்க்க யாருக்கும் நேரமில்ல. கொஞ்சம் கச்சான் சுருளுக்குப் போகும், மிச்சம் கூழாக்கப் போகும். இந்தத் தம்பி வெட்டினாலாவது சித்திரம் மிஞ்சும். வெட்டாமல் விட்டால் ஒன்றுமே மிஞ்சாது.

வெட்டினவனைக் குற்றவாளி ஆக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் பில் பிளாக்பியர்ட் என்று ஒருவர் இருந்தார். அங்கத்தய நூலகங்கள் பேப்பர்களை நுண்படச் சுருளில் (மைக்ரோபிலிமில்) படமெடுத்துப்போட்டு, கட்டிய தொகுதிகளைக் கழித்துவிட்ட காலம். அவர் 1968இல் ஒரு நிறுவனம் தொடங்கி, கழித்த தொகுதிகளை எல்லாம் வாங்கித் தன்ட வீட்டில் அடுக்கினார். அவரும்தான் வெட்டினார், தொடர் தொடராகத்தான் பிரித்தார். 1998இல் அந்தச் சேகரிப்பு ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது 75 தொன், பெரிய லொறி ஆறு. இன்றைக்கு அந்தப் பழைய தொடர்கள் அழகான புத்தகமாக வருதென்றால் அவர்ட கத்தரிக்கோலுக்கும் அதில் பங்கிருக்கு.

தாள்காப்பான்:
நானா, பிளாக்பியர்டை நானும் மதிக்கிறேன். ஆனால் அவர் ஓடித் திரிந்ததே நூலகங்கள் 'படம் எடுத்தாச்சு, தாள் தேவையில்லை' என்று நினைத்ததால்தானே. நுண்படம் கறுப்பு வெள்ளை. வர்ணப் பக்கத்தின் வர்ணம் அதில் ஒரேயடியாகப் போச்சுது. 'சித்திரம் மட்டும் போதும், தாள் தேவையில்லை' என்பதும் அதே நினைப்புத்தான். தேவை எது, தேவையில்லாதது எது என்று இன்றைக்கு நாங்கள் தீர்மானிக்கிறோம். 50 வருசம் கழித்து வருபவருக்கு எது தேவைப்படும் என்று எங்களுக்கு என்ன தெரியும்?

தெஹிவளைக்காரி:
நீங்கள் இரண்டு பேரும் தாள் நிலைக்கும் என்று வைத்துக்கொண்டு கதைக்கிறீங்கள். செய்தித்தாள் மரக்கூழில் செய்தது. அதில் லிக்னின் என்ற மரப்பொருள் இருக்கு. வெளிச்சமும் காற்றும் பட அது மஞ்சளாகும், தாளுக்குள் அமிலம் ஊறி, மடிப்பில் தொட்டாலே உடையும். அதற்கு மேல் கொழும்பு ஈரக்காற்று. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஃபிளாட் என்றால் பூஞ்சணமும் வெள்ளிப்பூச்சியும் சொல்லத் தேவையில்லை.

நான் ஸ்கேன் செய்யும் வேலை செய்கிறவள். என் கட்சி: முதலில் ஸ்கேன், மற்றதெல்லாம் பிறகு. 1981 ஜூன் 1 விடிய முதல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து, 97,000 நூல்களும் ஏடுகளும் போன சமூகம் நாங்கள். ஒரே இடத்தில் ஒரே பிரதியாக வைத்த எதையும் நம்புவது எனக்கு முடியாது. 'நூலகம்' என்ற இணைய ஆவணக் காப்பகம் 2005இலிருந்து எங்கட பழைய பத்திரிகைகளை இணையத்தில் ஏற்றி வருது. ஒரு பிரதி அங்கே போனால் அது எல்லாருக்கும் கிடைக்கும், எந்த அலுமாரி எரிந்தாலும் போகாது.

வெள்ளவத்தை வாசகன்:
அப்படியென்றால் ஸ்கேன் எடுத்த பிறகு வெட்டினால் அக்காவுக்குச் சம்மதம்தானே?

தெஹிவளைக்காரி:
இல்லைத் தம்பி. ஸ்கேன் தாளுக்குக் காவல், அதுக்குப் பதிலாக வராது. ஒரு ஸ்டார் வீக்லிப் பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கோ. முகத்தின் தோல்நிறம் வெள்ளைத்தாளில் நின்ற சிவப்புப் புள்ளிகளும் மஞ்சள் புள்ளிகளும். நாலு மையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல், வாளின் விளிம்பில் மஞ்சள் மை கோட்டுக்கு வெளியே வழிந்து நிற்கும். இந்தப் புள்ளிகளை ஸ்கேனர் எடுக்கும்போது அலையலையாகத் தேவையில்லாத கோலம் வரும். அதை நீக்கும் மென்பொருள் புள்ளிகளையும் மழுங்கடித்துவிடும். பெரிய தாள் ஏ3 ஸ்கேனர் கண்ணாடியில் அடங்காது, இரண்டு மூன்று துண்டாக எடுத்து இணைக்கவேணும். பிழைத்தால் திரும்ப எடுக்க மூலத்தாள் வேணும். அதனால்தான் சொல்கிறேன், முதல் ஸ்கேன் கடைசி ஸ்கேன் இல்லை.

மருதானை நானா:
தங்கச்சி சொல்றது சரி. ஆனால் இடம்? தம்பிட ஃபிளாட்டில் எங்க வைப்பார்? நீங்கள் இரண்டு பேரும் வாடகை கொடுப்பீங்களா?

தாள்காப்பான்:
இடத்தைக் குறைக்கலாம். எல்லாத் தாளையும் வைக்கத் தேவையில்லை. சித்திரக்கதை உள்ள தாளை மட்டும், முழுத்தாளாக, மடிக்காமல் தட்டையாக, அமிலமில்லாத அட்டைக்கிடையில் வைத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளுங்கோ. கட்டிலடி இடம் ஒரு கட்டுக்குத் தாராளம். பொலிதீன் உறை என்று கடைக்காரன் தருவதையெல்லாம் நம்பாதீங்கோ, பி.வி.சி. பிளாஸ்டிக் தாளைக் கெடுக்கும். மைலார் என்ற பொலியெஸ்டர் உறை நல்லது. அல்பத்தில் ஒட்டுற கதையே வேண்டாம். செலோடேப் சில வருசத்தில் தானே உரிந்து விழும், அதன் பசை தாளுக்குள் இறங்கி மண்ணிறக் கறையாக நிற்கும், எடுக்கவே ஏலாது.

வெள்ளவத்தை வாசகன்:
தமிழ்த் தாள்களை வெட்டமாட்டேன். அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஸ்டார் வீக்லியில் இரண்டு பிரதி வந்திருக்கிற வாரங்கள் இருக்கு. அதில் ஒன்றை வெட்டி என் மகளுக்கு அல்பம் செய்து கொடுப்பேன். அவள் தொட்டு வாசிக்கவேணும், பெட்டிக்குள் பூட்டி வைத்தால் அவளுக்கு அது ஒன்றுமில்லை. அண்ணை, இதையும் வேண்டாம் என்பீங்களோ?

தாள்காப்பான்:
இரட்டைப் பிரதி என்றால் வெட்டுங்கோ, பிள்ளை வாசிக்கட்டும். ஆனால் நல்லதை வைத்து, மடிப்புடைந்ததை வெட்டுங்கோ. வெட்டமுதல் ஒவ்வொரு துண்டின் பின்புற ஓரத்திலும் பேப்பரின் பெயர், திகதி, பக்கம் மூன்றையும் பென்சிலால் எழுதுங்கோ. பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வரும்.

மருதானை நானா:
தம்பி, அந்த மருதானைக் கடையில வெள்ளிக்கிழமை கூழாக்கக் கொண்டுபோக லொறி வரும். வியாழனுக்குள் போங்க. தினகரன் கட்டை உங்களுக்கென்று ஒதுக்கி வைக்கச் சொல்லிக் கேளுங்க.